தாளத்துக்குச் சுருதி சேர்க்க முடியாது: ஜால்ரா முதல் டிரம்ஸ் சிம்பல் வரை

மிருதங்கத்துக்குச் சுருதி சேர்க்கலாம். கல்லும் கட்டையும் வைத்து விளிம்பில் தட்டினால் ஏறும், இறங்கும். தம்புராவுக்குப் பிருடை இருக்கு. டிரம் செட்டில் ஒவ்வொரு டிரம்மைச் சுற்றியும் திருகாணிகள் உண்டு, முறுக்க ஒரு சாவியும் உண்டு. ஆனால் ஜால்ராவுக்கு? டிரம் செட்டில் ஸ்டாண்டு மேல் நிற்கும் சிம்பலுக்கு? ஒண்ணும் கிடையாது. உலோகம் உருகி, வடிவம் எடுத்து, கடைசல் முடிந்து வெளியே வந்த நிமிஷத்தோட அதன் குரல் முடிவாகிவிடுகிறது. கைதேர்ந்தவர் அரத்தால் ராவிக் கொஞ்சம் மாற்றலாம்தான். ஆனால் அது ஒருவழிப் பாதை. ராவின உலோகம் திரும்ப ஒட்டாது.

அதனால் தாள வாத்தியங்களில் உலோகத் தாளத்துக்கு ஒரு விதி: வாங்குவதுதான் சுருதி சேர்ப்பது. கடையில் நீங்கள் நிற்கும் அந்தப் பத்து நிமிஷம்தான் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு.

இதை எழுதக் காரணம் இரண்டு கேள்விகள். ஒன்று, ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருப் பஜனை கோஷ்டி மார்கழிக்கு முன்னால் புது ஜால்ரா வாங்கணும், எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்டார்கள். இன்னொன்று, திருச்சியில் காலேஜ் படிக்கும் நண்பர் பையன் டிரம் செட்டோடு வந்த சிம்பலை மாற்றணும், எது நல்லது என்று கேட்டான். படிக்க ஆரம்பித்தபோது இரண்டுக்கும் பதில் கிட்டத்தட்ட ஒண்ணுதான் என்று தெரிந்தது. முதலில் ஜால்ரா, பிறகு சிம்பல் என்று பார்ப்போம்.

பெயர்க் குழப்பம்

ஜால்ரா, கைத்தாளம், குழித்தாளம், தாளம் என்று பல பெயர்கள். இந்தக் கட்டுரையில் ஜால்ரா என்றால் கயிற்றில் கோத்த, உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன ஜோடி. பஜனையில் வருவது. நாகஸ்வர கோஷ்டியிலும் தாளம் போட என்றே ஓர் ஆள் உண்டு. பரதநாட்டியத்தில் நட்டுவனார் கையில் இருப்பது வேறு ரகம். அதில் பொதுவாக ஒன்று வெண்கலம், மற்றது இரும்பு. இரண்டும் ஒரே உலோகமாக இல்லாததால் அடி கூர்மையாக விழும், நீண்டு ஒலிக்காது. ஜதிக்கு அதுதான் தேவை. கேரளத்துப் பஞ்சவாத்தியத்தில் வரும் இலத்தாளம் கனமான வெண்கலம்.

"ஜால்ரா அடிக்கறான்" என்று நாம் கேலி பேசுவது உண்டு. எதற்கும் ஆமாம் போடுகிறவன் என்று அர்த்தம். பஜனையில் உட்கார்ந்து பார்த்தால் கதை தலைகீழ். முப்பது பேர் சேர்ந்து பாடும்போது பாட்டு ஓடாமல் பிடித்து நிறுத்துவது ஜால்ராக்காரர்தான். மற்றவர்கள் அவருக்குத்தான் ஆமாம் போடுகிறார்கள்.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இதற்கு இன்னும் பெரிய சாட்சி இருக்கிறது. வைகுண்ட ஏகாதசி உற்சவத்தில் பகல் பத்து, இராப் பத்து நாட்களில் நடக்கும் அரையர் சேவை. குல்லாய் அணிந்த அரையர்கள் கையில் இருக்கும் வாத்தியம் தாளம்தான். அதை வைத்துக்கொண்டுதான் பாசுரம் இசைக்கிறார்கள், அபிநயம் பிடிக்கிறார்கள்.

பித்தளையா, வெண்கலமா?

முதல் கேள்வி உலோகம். பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும். வெண்கலம் என்றால் செம்பும் வெள்ளீயமும். ரசம் வைக்கிறோமே ஈயச்சொம்பு, அது இந்த வெள்ளீயம்தான். காரீயம் வேறு, அது விஷம். பொங்கல் வைக்கும் வெண்கலப் பானையில் இருப்பதும் இதே குடும்பத்துக் கலவை.

"வெண்கலக் கடைக்குள் யானை புகுந்த மாதிரி" என்று ஒரு பழமொழி இருக்கே, அதில் ஏன் பித்தளைக் கடை வரவில்லை? பழமொழி சொன்னவருக்குக் காது நன்றாக இருந்திருக்கிறது என்று நினைக்கிறேன். தட்டினால் எந்த உலோகமும் சத்தம் போடும். ஆனால் அந்தச் சத்தத்தின் சக்தியை உள்ளேயே சூடாக்கித் தின்னுவிடும் உலோகமும் உண்டு, விடாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும் உலோகமும் உண்டு. வெள்ளீயம் அதிகமுள்ள வெண்கலம் இரண்டாவது ரகம். அதனால்தான் உலகம் முழுக்க மணியை அதில் வார்த்தார்கள். கோயில் மணி, சர்ச் மணி இரண்டிலும் நூற்றுக்கு 20 முதல் 23 பங்கு வரை வெள்ளீயம் இருப்பது வழக்கம்.

அப்படியானால் எல்லாரும் ஏன் வெண்கலத்திலேயே செய்யவில்லை? காரணம் காசு. துத்தநாகம் செம்பைவிட மலிவு. வெள்ளீயம் செம்பைவிட விலை கூட. ஆகவே பித்தளையில் கலக்கக் கலக்க விலை குறையும். வெண்கலத்தில் கலக்கக் கலக்க ஏறும். கோபுர வாசல் கடைகளில் பளபளவென்று தொங்கும் ஜால்ராக்களில் பித்தளை நிறைய இருப்பதற்கு இதுதான் காரணம். பித்தளை கெட்டது என்று சொல்ல வரவில்லை. குழந்தைகள் விளையாடவும், வீட்டுப் பூஜைக்கும் போதும். முப்பது பேருக்குத் தாளம் காட்ட வெண்கலம் வேணும்.

கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது? நிறத்தை நம்ப வேண்டாம். பித்தளை பச்சை மஞ்சளாகவும், வெண்கலம் கொஞ்சம் வெளிறியும் இருக்கும் என்பது சரி. ஆனால் பாலீஷ் போட்டபின் இரண்டும் ஒரே மினுமினுப்பு. எடையும் உதவாது. இரண்டின் அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்று, தண்ணீரை விடச் சுமார் எட்டரை மடங்கு. ஆர்க்கிமிடிஸ் வந்தாலும் கடையில் வைத்துத் தராசால் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

காதுதான் வழி. ஒரே அளவுள்ள இரண்டை எடுத்து, ஒவ்வொன்றையும் கயிற்றில் தனியாகத் தொங்கவிட்டு, விளிம்பில் பென்சிலால் ஒரு தட்டு தட்டுங்கள். மனசுக்குள் எண்ணுங்கள். பித்தளை சீக்கிரம் அடங்கும். வெண்கலம் நீங்கள் எண்ணி முடித்த பிறகும் மெலிசாக ஓடிக்கொண்டிருக்கும். மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்க்கிற அதே வித்தைதான். பானையில் விரிசல் இருந்தால் "சொத்" என்று சொல்லும். ஜால்ராவும் அப்படித்தான்.

எடை கேட்டுச் சொன்ன நாதமுனி

இந்த இடத்தில் ஒரு கதை. ஸ்ரீவைஷ்ணவ குருபரம்பரையில் நாதமுனிகளைப் பற்றிச் சொல்வார்கள். காட்டுமன்னார்கோயில்காரர், நாலாயிரத்தைத் திரட்டி, பண் அமைத்து, தன் மருமக்கள் இருவருக்குச் சொல்லிக்கொடுத்தவர். அரையர் மரபு அங்கிருந்து தொடங்குவதாக நம்பிக்கை. அவருடைய இசை ஞானத்தைச் சோதிக்க, அரசவையில் ஏராளமான தாளங்களை ஒரே நேரத்தில் ஒலிக்க வைத்தார்களாம். அவர் கேட்டுவிட்டு, ஒவ்வொரு தாளத்தின் எடையையும் சொன்னாராம்.

சுருதியைச் சொன்னார் என்று கதை இல்லை, எடையைச் சொன்னார் என்று இருக்கு. எஞ்சினியர் புத்திக்கு இதுதான் உறைத்தது. சத்தத்தைக் கேட்டு எடை சொல்ல முடியுமா?

வட்டத் தகட்டின் பௌதிகம் எளிமையாக இப்படி: தடிமன் கூடினால் அதிர்வெண் அதே விகிதத்தில் கூடும். விட்டம் கூடினால் அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். அதாவது தடிமன் இரண்டு மடங்கானால் சுருதி ஒரு ஸ்தாயி மேலே. தடிமன் மாறாமல் விட்டம் மட்டும் இரண்டு மடங்கானால் இரண்டு ஸ்தாயி கீழே. ஜால்ரா தட்டைத் தகடு இல்லை, நடுவில் குழி உண்டு, அதனால் எண்கள் கொஞ்சம் மாறும். போக்கு இதுதான்.

இப்போது ஒரே விட்டத்தில் செய்த தாளங்களை எடுங்கள். விட்டம் ஒன்று, உலோகம் ஒன்று. எடை கூடுகிறது என்றால் தடிமன் கூடுகிறது என்று அர்த்தம். தடிமன் கூடினால் சுருதி ஏறும். 50 கிராம் தாளத்தில் அரை கிராம் கூடினால் ஒரு சதவீதம். அதிர்வெண்ணிலும் ஏறக்குறைய ஒரு சதவீதம். அடுத்தடுத்த இரண்டு சுரஸ்தானங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி சுமார் ஆறு சதவீதம். அதில் ஆறில் ஒரு பங்கை, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால், பயிற்சி உள்ள காது சுலபமாகப் பிடிக்கும்.

ஆகவே ஒரு தாளத்தைக் கேட்டு எடை சொல்வதற்குப் பௌதிகம் இடம் கொடுக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்டுச் சொன்னார் என்பது பக்தர்கள் பாடு, நான் அதில் தலையிடவில்லை. ஆனால் இந்தக் கதையைக் கட்டியவருக்குத் தாளம் செய்யும் பட்டறை தெரிந்திருக்கிறது. எடையும் குரலும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. இன்றைக்கும் நல்ல சிம்பல் விற்பவர்கள் விட்டத்தோடு எடையையும் கிராமில் எழுதி வைக்கிறார்கள். 20 அங்குலச் சிம்பல் என்று மட்டும் சொன்னால் டிரம்மருக்குப் போதாது, எத்தனை கிராம் என்று கேட்பார். கனமானது கூர்மையாக, உயரமாகப் பேசும். மெல்லியது தாழ்ந்து, சட்டென்று விரிந்து அடங்கும்.

சுருதியும் ஜோடியும்

ஜால்ரா சின்னது, தடிமனானது. அதனால் அதில் கிளம்பும் அதிர்வுகள் ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி விட்டு நிற்கும். அதில் ஒன்று மட்டும் மற்றவை அடங்கிய பிறகும் நிற்கும். அதுதான் நம் காதுக்குச் சுரமாகக் கேட்கிறது. போனில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்பெக்ட்ரம் செயலி ஒன்றைப் போட்டுத் தட்டிப் பாருங்கள். முதலில் ஒரு காடு மாதிரி முளைக்கும். ஒரு விநாடி கழித்து ஒன்றிரண்டு மரம்தான் நிற்கும். அந்த மரத்தின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பாடகர் சுருதி 1 கட்டை என்றால் ஆதார ஷட்ஜம் சுமார் 261 ஹெர்ட்ஸ். அதன் மூன்று ஸ்தாயி மேலே சுமார் 2093. பெண்கள் அதிகம் பாடும் 5 கட்டை என்றால் 392, மூன்று ஸ்தாயி மேலே 3136. உங்கள் ஜால்ராவின் எண் இந்த ஷட்ஜத்திலோ அதன் பஞ்சமத்திலோ உட்கார்ந்தால் பாட்டோடு கரைந்துவிடும். ஷட்ஜத்துக்கு அரைக் கட்டை தள்ளி நின்றால் ஒவ்வொரு அடியும் பாடகர் காதில் ஒரு குண்டூசி. கோஷ்டியில் ஆளுக்கொரு கட்டையில் பாடுவார்கள் என்றால் இதில் ரொம்ப மெனக்கெட வேண்டாம். ஒரே பாகவதர் வழக்கமாக ஒரே கட்டையில் பாடினால் கட்டாயம் பாருங்கள். எண் பார்க்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை. சுருதிப் பெட்டிச் செயலியை ஓட விட்டு, மேலே ஜால்ராவைத் தட்டினால் காதே சொல்லிவிடும்.

அடுத்தது ஜோடிப் பொருத்தம். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஜோடியில் ஒன்று 3136 ஹெர்ட்ஸ், மற்றது 3141 என்று வைத்துக்கொள்வோம். சேர்ந்து ஒலிக்கும்போது விநாடிக்கு 5 தடவை சத்தம் பெருத்துச் சிறுக்கும். மெல்லிய அலை மாதிரி, கேட்க இதமாக இருக்கும். வித்தியாசம் 30, 40 என்று போனால் அலை இல்லை, கரகரப்பு. இன்னும் தள்ளிப் போனால் இரண்டு தனிச் சுரமாகவே கேட்க ஆரம்பித்துவிடும்.

கடையில் ஜோடியாகக் கயிறு கட்டி வைத்திருப்பார்கள். ஆனால் கயிறு கட்டினவர் காதால் ஜோடி சேர்த்தாரா, கைக்கு வந்ததைக் கட்டினாரா? அவ்வளவு நேரம் யாருக்கு இருக்கு? ஒரே அளவில் ஐந்து ஜோடி இருந்தால், அது உண்மையில் பத்துத் தனித் தாளங்கள். பத்தில் இரண்டைச் சேர்க்க 45 வழி இருக்கிறது. கடைக்காரர் கட்டி வைத்திருப்பது அதில் வெறும் ஐந்து. மற்ற நாற்பதில் உங்களுக்கான ஜோடி இருக்கலாம். கூட்டமில்லாத காலை நேரத்தில் போய், "கொஞ்சம் கயிற்றை அவுத்துப் பாக்கலாமாண்ணே" என்று கேளுங்கள். நல்ல வியாபாரி மறுக்க மாட்டார். இந்த ஒரு வேலைக்குக் காசு செலவே கிடையாது. ஆனால் இதைவிடப் பெரிய வித்தியாசத்தை வேறெதுவும் தராது.

தனித் தாளத்திலும் ஒரு சோதனை இருக்கு. விளிம்பைச் சுற்றி நாலைந்து இடத்தில் தட்டுங்கள். எங்கே தட்டினாலும் ஒரே சுரம் நேராக ஓடணும். வட்டம் சீராக இல்லாவிட்டால், தடிமன் ஒரு பக்கம் கூடியிருந்தால், ஒற்றைத் தாளமே "ஊவ் ஊவ்" என்று அலையும். அதை ஒதுக்குங்கள்.

கடைசியாக விளிம்பு. இரண்டையும் முகத்தோடு முகம் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் இடைவெளி தெரிந்தால் வேண்டாம். கயிறு பருத்தியாக, முடிச்சு துளைக்குள் இறங்காதபடி இருக்கணும். பிடிக்கும்போது விரல் விளிம்பில் படக்கூடாது. அதிர்வது விளிம்பு, அசையாமல் இருப்பது நடு. அதனால்தான் கயிறு நடுவில் கோத்திருக்கிறது.

நேருக்கு நேர் அடிக்காமல் சற்றுச் சாய்த்து, விளிம்போடு விளிம்பு உரசுகிற மாதிரி அடிக்கச் சொல்வார்கள். இதற்கும் காரணம் உண்டு. குழி குழியோடு நேராகப் பொருந்தினால் உள்ளே காற்று மாட்டிக்கொண்டு "டப்" என்று அமுங்கிவிடும். டிரம் செட்டில் காலால் மிதிக்கும் ஹை ஹாட் ஜோடிக்கும் இதே வியாதிதான். அதற்கு மருந்தாகப் பைஸ்தே கம்பெனி கீழ்ச் சிம்பலின் விளிம்பை நெளிநெளியாகச் செய்தது. வேறு சில ஹை ஹாட்களில் கீழ்ச் சிம்பலில் காற்றுப் போகத் துளை போட்டிருப்பார்கள். நம் ஜால்ராக்காரர் மணிக்கட்டைச் சாய்த்தே அந்தக் காற்றை வெளியேற்றிவிடுகிறார்.

தண்ணீரில் முக்கினால் மிருதுவாகும் உலோகம்

இப்போது டிரம் செட் பக்கம் போவோம். இங்கேயும் முதல் கேள்வி உலோகம்தான். கொஞ்சம் உலோகவியல் தெரிந்தால் விலைப்பட்டியல் தானே புரிந்துவிடும்.

செம்பில் வெள்ளீயம் 8 சதவீதம் வரை இருந்தால் உலோகம் சொன்னபடி கேட்கும். ஆறின நிலையிலேயே உருளையில் விட்டுத் தகடாக்கலாம், வட்டமாக வெட்டலாம். சிம்பல் உலகில் இதற்குப் பி8 என்று பெயர். வெள்ளீயத்தை 20 சதவீதத்துக்கு ஏற்றினால் குரல் செழுமையாகும், ஆனால் உலோகம் கண்ணாடி மாதிரி நொறுங்க ஆரம்பிக்கும். பழுக்கக் காய்ச்சித்தான் அதை உருட்ட முடியும். திரும்பத் திரும்பக் காய்ச்சணும். இதுதான் பி20.

இதில் ஒரு விசித்திரம். இரும்பைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கடினமாகும், கொல்லர் பட்டறையில் பார்த்திருப்பீர்கள். 20 சதவீத வெண்கலம் நேர் எதிர். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால்தான் நொறுங்கும் குணம் போய் அடி தாங்கும். மெதுவாக ஆற விட்டால் உள்ளே நொறுங்கும் படிகங்கள் உருவாகிவிடும். சட்டென்று குளிரவைத்தால் அதற்கு நேரம் கிடைக்காது.

இந்த ரகசியம் துருக்கிக்கு மட்டும் சொந்தம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். கான்ஸ்டான்டிநோபிளில் அவெடிஸ் என்ற ஆர்மீனியர் 1618 வாக்கில் சிம்பலுக்கு ஏற்ற கலவையைக் கண்டதாகவும், 1623-இல் பட்டறை தொடங்கியதாகவும் ஜில்ஜியன் கம்பெனியின் வரலாறு சொல்கிறது. 1929-இல் அது அமெரிக்காவுக்குப் போனது. ஆனால் நம் பக்கத்திலும் கதை இருக்கிறது. 1990-களில் ஷாரதா சீனிவாசன் என்ற ஆய்வாளர், கேரளத்தில் 22, 23 சதவீத வெள்ளீயம் கொண்ட வெண்கலத்தைச் சூட்டில் தட்டி, தண்ணீரில் முக்கிப் பாத்திரம் செய்யும் மரபை ஆவணப்படுத்தினார். ஆதிச்சநல்லூர், நீலகிரி போன்ற பழைய புதைகுழிகளில் கிடைத்த பாத்திரங்களிலும் இதே வகை வெண்கலம் இருப்பதைக் காட்டினார். தாமிரபரணிக் கரையில் இரண்டாயிரம் வருஷத்துக்கும் முன்னால் புழங்கிய உலோகத்துக்கு நெருங்கின சொந்தக்காரன்தான் இன்றைய விலை உயர்ந்த சிம்பல்.

டிரம் செட்டுக்கு எதை, எந்த வரிசையில்?

சர்ச் பாடகர் குழுவோ, கல்லூரி விழாவோ, மெல்லிசைக் கச்சேரியோ, புதிதாக டிரம் செட் வாங்கும் இடத்தில் பெரும்பாலும் நடப்பது இது: காசு முழுக்க டிரம்மில் போகும், சிம்பல் இலவச இணைப்பாக வரும். இந்த வரிசையை மாற்றணும். சுமாரான டிரம்முக்கு நல்ல தோல் போட்டுச் சுருதி சேர்த்தால் கேட்கும்படி ஆகிவிடும். சுமாரான சிம்பல் கடைசி வரை சுமார்தான்.

கடையில் பார்க்கும் பெயர்களை இப்படிப் பிரிக்கலாம். பைஸ்தே 101, மைன்ல் எச்சிஎஸ், ஜில்ஜியன் பிளானெட் இசட், சேபியன் எஸ்பிஆர் இவையெல்லாம் பித்தளை. கற்றுக்கொள்ளும் கைக்குப் போதும். சேபியன் பி8 பெயரிலேயே சொல்கிறது. ஜில்ஜியனின் ஏ, கே வரிசைகளும் சேபியனின் ஏஏ வரிசையும் 20 சதவீத ரகம். இங்கே ஒரு எச்சரிக்கை: வெள்ளீயம் கூடினால் கட்டாயம் உசத்தி என்று கணக்குப் போட வேண்டாம். ராக் இசையில் பேர் பெற்ற பைஸ்தே 2002 வரிசை 8 சதவீத வெண்கலம்தான். சுத்தியல் வேலையும் கடைசலும் சேர்ந்துதான் குரல்.

வாங்கும் வரிசை எளிது. முதலில் 14 அங்குல ஹை ஹாட். நம் ஜால்ராவின் வேலையைச் செய்வது அதுதான், பாட்டு முழுக்க ஓடும். அடுத்து 20 அங்குல ரைடு. அடுத்து 16 அல்லது 18 அங்குல கிராஷ். கொஞ்சம்தான் காசு இருக்கிறது என்றால் நான்கு பித்தளைச் சிம்பலுக்குப் பதில் ஒரு நல்ல ஹை ஹாட் மட்டும் வாங்குங்கள், மற்றவை காத்திருக்கட்டும்.

கிராஷ் சிம்பலுக்குச் சுருதி பார்க்க வேண்டியதில்லை. அது பெரியது, மெல்லியது. அதிர்வுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஓங்கி அடித்தால் தாழ்ந்த அதிர்வுகளின் சக்தி மேலே மேலே ஏறி "ஷ்ஷ்" என்று கொட்டும். அதில் தனிச் சுரம் தேடினால் கிடைக்காது. ஜால்ரா ஒரு சுரம், கிராஷ் ஒரு மழை. ஆனால் ஒரு செட்டில் இரண்டு கிராஷ் இருந்தால் ஒன்று உயரமாகவும் ஒன்று தாழ்வாகவும் பிரிந்து கேட்கணும். அதனால் தனித்தனியாக வாங்காமல், இருப்பதைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து அடித்துப் பாருங்கள்.

பழசு வாங்கலாமா? தாராளமாக. தோல் மாதிரி வெண்கலம் தொய்ந்து போகாது. விரிசல் மட்டும் பார்க்கணும். விளிம்பு முழுக்க நகத்தை ஓட்டுங்கள், தட்டுப்பட்டால் வேண்டாம். நடுத் துளை வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் தேய்ந்து சாவித்துவாரம் மாதிரி ஆகியிருந்தால், பிளாஸ்டிக் உறை இல்லாமல் ஸ்டாண்டில் மாட்டி அடித்திருக்கிறார்கள். மேலே உள்ள திருகாணியை இறுக்கி முறுக்குவதும் சிம்பலுக்கு எமன். அது ஆடணும்.

ஒரு வார்த்தை காதுக்காக. டிரம் செட் பக்கத்தில் 100 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். அந்த அளவில் ஒரு நாளைக்குக் கால் மணி நேரம்தான் பாதுகாப்பு என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சின்ன ஹாலில் கனமான சிம்பல் வேண்டாம், மெல்லியதை எடுங்கள். தினம் பயிற்சி செய்யும் பையனுக்குக் காது அடைப்பான் வாங்கிக் கொடுங்கள். சிம்பலாவது வேறு வாங்கலாம்.

பரணில் இருப்பதைத் தொடாதீர்கள், தட்டுங்கள்

கடைசியாக, இந்தக் கட்டுரைக்கு உண்மையான அவசரம் எங்கே என்றால், புதுசு வாங்குவதில் இல்லை. பழசைப் போடுவதில்தான்.

ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும் பல வீட்டுப் பரணில், பூஜை அலமாரி அடித்தட்டில், தாத்தா காலத்து ஜால்ரா ஒன்று கறுத்துப்போய்க் கிடக்கும். வீடு மாற்றும்போதோ, பொங்கலுக்குச் சுத்தம் பண்ணும்போதோ, உடைந்த அண்டா, நெளிந்த குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டுப் புதுப் பாத்திரம் வாங்கிவிடுகிறோம். தராசில் அது நூறு கிராம்கூட வராது. கிடைக்கும் காசு ஒரு காபிக்கும் தோசைக்கும் காணும். பிறகு அது உலைக்குப் போகிறது. உருகினால் வெண்கலம் திரும்பக் கிடைக்கும், குரல் கிடைக்காது. ஒரு காலத்தில் யாரோ நூறு தாளத்தைத் தட்டிப் பார்த்துப் பொறுக்கிய ஜோடியாகக்கூட அது இருக்கலாம்.

கறுப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்தக் கறுப்பு மேல்பூச்சுதான், குரலைக் கெடுக்காது. புளி போட்டுத் தேய்க்கவும் அவசரம் வேண்டாம். பழைய கயிற்றை அறுத்துப் புதுப் பருத்திக் கயிறு கோருங்கள். தனித்தனியாகத் தொங்கவிட்டு விளிம்பில் பென்சிலால் தட்டுங்கள். "சொத்" என்றால் விரிசல், எடைக்குப் போடலாம், வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் பத்து, பதினைந்து என்று எண்ணிக்கொண்டே போகிறீர்கள், அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், அதைப் பக்கத்தில் இருக்கும் பஜனை மடத்துக்காவது கொடுத்துவிடுங்கள். எங்கள் கோஷ்டிக்கு நான் முதலில் சொன்ன யோசனையும் இதுதான்: கடைக்குப் போவதற்கு முன் தெருவில் நாலு வீட்டுப் பரணை விசாரியுங்கள்.

விசாரித்ததில் இதுவரை மூன்று ஜோடி வந்திருக்கு. ஒன்று விரிசல். ஒன்றில் இரண்டும் வேறு வேறு சுரம். மூன்றாவது நாலரைக் கட்டைக்கு அருமையாகச் சேருகிறது. பாகவதர் நாலு கட்டையில் பாடுகிறவர். மார்கழிக்குள் அவர் அரைக் கட்டை ஏறுவாரா, நாங்கள் கடைக்குப் போய் நாற்பத்தைந்து ஜோடி பார்ப்போமா என்பது இன்னும் முடிவாகவில்லை.